கல்லூரி நூலகத்துக்கு இணையம் சரியாக வந்து சேர என்ன செய்ய வேண்டும்? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நூலகர்களுக்கான வழிகாட்டி

கல்லூரி நூலகத்தில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று மாணவர்கள் முறையிட்டால், நிர்வாகம் வழக்கமாக எடுக்கும் முடிவு இருப்பதைவிடப் பெரிய இணைப்புக்குப் பணம் கட்டுவதுதான். சில மாதங்கள் கழித்து அதே முறையீடு மறுபடியும் வருகிறது. மதகு திறந்தும் கடைமடை வயல் காய்வதைப் போல, வளாகத்தின் வாசல் வரை வந்த வேகம் நூலகத்தின் வாசிப்பு மேசையை எட்டுவதற்குள் வழியிலேயே தீர்ந்துவிடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆகவே இந்த வழிகாட்டி அளப்பதிலிருந்து தொடங்குகிறது. புதிய இணைப்பு வாங்கலாமா என்ற கேள்வியை அளந்து முடித்த பிறகுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

ஒரு மடிக்கணினியும் நல்ல நிலையில் உள்ள ஒரு லேன் கேபிளும் போதும். மூன்று இடங்களில் வேகத்தைச் சோதிக்க வேண்டும். முதலாவது, வெளியிலிருந்து வரும் ஃபைபர் இணைப்பு முடியும் ஓ.என்.டி. பெட்டியில் அல்லது முதன்மை ரவுட்டரில் நேரடியாகக் கேபிளைச் செருகி. இரண்டாவது, நூலகத்தில் உள்ள சுவிட்சில் (ஒரு இணைப்பைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில்) கேபிளைச் செருகி. மூன்றாவது, வாசிப்புக் கூடத்தில் மாணவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைஃபை வழியாக. கல்லூரி தொடங்குவதற்கு முன்பும், முற்பகல் வகுப்பு நேரத்திலும், மதிய இடைவேளையிலும், மாலையிலும் இதைச் செய்து, குறைந்தது ஒரு வாரத்துக்கு ஒரு பதிவேட்டில் எழுதிவர வேண்டும். தேர்வுக் கட்டணம் செலுத்தும் நாள்களும் விடுதி மாணவர்கள் ஊருக்குப் போயிருக்கும் நாள்களும் தனித்தன்மை உடையவை என்பதால், அவற்றைப் பதிவேட்டில் குறித்து வைப்பது நல்லது.

முதல் இடத்தில் ஒப்பந்தத்தில் சொன்ன வேகம் கிடைத்து, இரண்டாம் இடத்தில் அதில் ஒரு சிறு பங்கே கிடைத்தால், குறை வளாகக் கேபிளில் அல்லது சுவிட்சில் இருக்கிறது. சேவை நிறுவனத்தை நொந்து பயனில்லை. இரண்டாம் இடத்தில் நன்றாக இருந்து மூன்றாம் இடத்தில் குறைந்தால், வைஃபை அமைப்பைத் திருத்த வேண்டும். காலையில் மூன்று இடங்களிலும் நன்றாக இருந்து முற்பகலில் மூன்றிலும் ஒருசேரச் சரிந்தால், ஒன்று இணைப்பின் கொள்ளளவு உண்மையிலேயே போதவில்லை, அல்லது யாரோ ஒருவர் அதை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். இவ்விரண்டில் எது என்பதை யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று காட்டும் ரவுட்டரின் போக்குவரத்துப் பட்டியல் சொல்லிவிடும்.

வேகச் சோதனைத் தளம் காட்டும் ஒற்றை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நூலகத்தில் மாணவர் உண்மையில் செய்யும் வேலை ஓர் ஆய்விதழ்த் தளத்தைத் திறந்து, கட்டுரையைத் தேடி, பி.டி.எஃப். கோப்பை இறக்கிக்கொள்வது. அதற்கு எத்தனை விநாடி ஆகிறது என்பதையும் எழுதுங்கள். கணக்கு எளிது: சேவை நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன, கோப்பின் அளவோ மெகாபைட்டில் இருக்கிறது, ஒரு பைட்டுக்கு 8 பிட். எனவே 5 மெகாபைட் கட்டுரை என்பது 40 மெகாபிட். விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பை ஒரே நேரத்தில் 50 பேர் சமமாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு 2 மெகாபிட் வரும்; அந்தக் கட்டுரை 20 விநாடியில் இறங்கிவிடும். சமமாகப் பகிர்ந்தால் என்பதே இங்கு முக்கியமான நிபந்தனை. இரண்டு கணினிகள் ஏதோ ஒரு பெரிய மென்பொருளை இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்ற 48 பேருக்கும் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது.

இதோடு, ஒரு கருவிக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையையும் பயன்படுத்துங்கள். நூலகக் கணினியிலிருந்து முதன்மை ரவுட்டருக்குக் கேபிள் வழியே பிங் செய்தால் ஓரிரு மில்லிவிநாடியில் பதில் வர வேண்டும். பத்து, இருபது என்று ஏறி இறங்கினாலோ சில பதில்கள் வராமலே போனாலோ, எலி கடித்த கேபிள், தளர்ந்த இணைப்பு முனை, பழுதான சுவிட்ச் போர்ட் ஆகிய மூன்றில் ஒன்றை முதலில் தேடலாம். ரவுட்டர் வரை சரியாக இருந்து, பெரிய கோப்பு ஒன்று இறங்கும்போது மட்டும் வெளித்தளங்களுக்கான பதில் நேரம் பல நூறு மில்லிவிநாடிக்கு எகிறினால், அது ரவுட்டரில் வரிசை நிர்வாகம் (ஒருவரின் பெரிய கோப்பு மற்றவர் வழியை அடைக்காதபடி தரவை முறைப்படுத்தி அனுப்புவது) இல்லாததன் அறிகுறி. இதைக் கூடுதல் வேகம் வாங்கித் தீர்க்க முடியாது.

வளாகத்துக்குள் செய்ய வேண்டியவை

லேன் கேபிளுக்கு 100 மீட்டர் என்ற எல்லை உண்டு. நம் மாவட்டங்களின் அரசுக் கல்லூரிகள் பலவும் பரந்த வளாகம் கொண்டவை; நிர்வாகக் கட்டடத்துக்கும் நூலகத்துக்கும் இடையே அதைவிடக் கூடுதல் தூரம் இருக்கலாம். நடுவில் ஒரு சுவிட்சை வைத்து, மரத்துக்கு மரம் கேபிளைத் தொங்கவிட்டு எப்படியோ இணைத்திருப்பார்கள். அது வேலை செய்யும், ஆனால் நம்பத் தகுந்ததாக இருக்காது. அத்துடன் சித்திரை, வைகாசியில் கோடை மழையோடு வரும் இடி மின்னல் செம்புக் கேபிள் வழியே பாய்ந்து இரு முனைகளிலும் உள்ள கருவிகளைக் கருக்கிவிடும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே ஃபைபர் கேபிளைக் குழாய்க்குள் வைத்துப் புதைப்பதே சரியான வழி. ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது, தூரமும் சிக்கலாகாது. ஒருமுறை செய்யும் இந்தச் செலவை, ஆண்டுதோறும் பெரிய இணைப்புக்குக் கட்டும் கூடுதல் தொகையோடு ஒப்பிட்டு முதல்வரிடம் காட்டினால் ஒப்புதல் பெறுவது எளிதாகும்.

பழைய சுவிட்சுகளையும் பார்க்க வேண்டும். 100 மெகாபிட் மட்டுமே தாங்கும் சுவிட்ச் ஒன்று வழியில் இருந்தால், வெளியே 300 மெகாபிட் இணைப்பு வாங்கினாலும் நூலகத்துக்கு 100க்கு மேல் வராது. கிகாபிட் சுவிட்ச் இன்று விலை உயர்ந்த பொருள் அல்ல.

வைஃபை விஷயத்தில் பெரும்பாலும் நடக்கும் தவறு, வைஃபை அலையைப் பரப்பும் கருவியான ஆக்சஸ் பாயின்ட்டை நூல் வழங்கும் மேசைக்குப் பின்னால், இரும்பு அலமாரிகளுக்கு நடுவே வைப்பது. இரும்பு அடுக்குகளும் அவற்றில் நிறைந்த புத்தகங்களும் அலையைத் தடுக்கின்றன. வாசிப்புக் கூடத்தின் கூரையில், மாணவர்கள் தலைக்கு மேலே பொருத்த வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அருகருகே உள்ள கருவிகளுக்கு இவற்றைப் பிரித்துக் கொடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி உள்ள கருவியாக வாங்கினால் நெரிசல் வெகுவாகக் குறையும். வீட்டுக்கு வாங்கும் ரவுட்டரைக் கொண்டு எண்பது பேர் அமரும் கூடத்துக்கு வைஃபை கொடுக்க முயல வேண்டாம். ஒரு கருவிக்கு இருபத்தைந்து, முப்பது பேர் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. மின்னூலகக் கணினிகளுக்கும் நூற்பட்டியல் தேடும் கணினிக்கும் வைஃபை வேண்டாம், கேபிள் கொடுங்கள். அதனால் அவற்றின் வேகம் நிலையாகும், வைஃபை மாணவர்களின் கைப்பேசிகளுக்கு மிச்சமாகும்.

மின்தடையை மறந்துவிடக் கூடாது. கணினி அறைக்கு யு.பி.எஸ். இருந்தும், ஓ.என்.டி. பெட்டியும் நடுவழிச் சுவிட்சும் சாதாரண மின்னிணைப்பில் இருந்தால், மின்சாரம் போன நொடியில் எல்லோருக்கும் இணையம் போய்விடும். இந்தச் சிறு கருவிகளுக்கு மிகக் குறைந்த மின்சாரமே தேவை என்பதால், தனியாக ஒரு சிறிய யு.பி.எஸ். போட்டாலே மணிக்கணக்கில் தாங்கும்.

இணைப்பு வாங்கும்போது கேட்க வேண்டியவை

மேற்கண்டவற்றைச் சரிசெய்த பிறகும் போதவில்லை என்றால் புதிய இணைப்பு வாங்கலாம். வழக்கமான ஃபைபர் பிராட்பேண்ட் பலரோடு பகிரப்படுவது. விலை குறைவு, உறுதிமொழியும் குறைவு. லீஸ்டு லைனில் சொன்ன வேகம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரே அளவில் தனக்கென்றே கிடைக்கும். விலை பல மடங்கு. சிறிய கல்லூரி ஒன்று பெரிய லீஸ்டு லைனுக்கு ஆசைப்படுவதைவிட, அளவான லீஸ்டு லைன் ஒன்றையும் பிராட்பேண்ட் ஒன்றையும் சேர்த்து வாங்கி, நூலகம், அலுவலகம் ஆகியவற்றை முதலாவதிலும் பொது வைஃபையை இரண்டாவதிலும் விடுவதே என் கருத்தில் நல்ல ஏற்பாடு. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

ஆனால் இரண்டு நிறுவனங்களிடம் வாங்கினால் மட்டும் இரண்டு பாதைகள் கிடைத்துவிடாது. இரண்டு கேபிள்களும் ஒரே கம்பத்தில் அல்லது ஒரே பள்ளத்தில் வந்தால், பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பொக்லைன் தோண்டியவுடன் இரண்டும் சேர்ந்தே போகும். பாதை எங்கிருந்து வருகிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஊரகப் பகுதியில் உள்ள கல்லூரிகள், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளையும் ஃபைபரால் இணைக்கும் பாரத்நெட் திட்டத்தைச் செயல்படுத்தும் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்திடமும் விசாரிக்கலாம். உங்கள் ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்திருந்தால், அங்கிருந்து கல்லூரிக்கு உள்ள தூரம் மட்டுமே மிச்சம்.

ஒப்பந்தத்தில் 99.5 சதவீத இயக்க நேரம் என்று எழுதியிருந்தால், 30 நாள் மாதத்தில் 3.6 மணி நேரம் வரை இணைப்பு இல்லாமல் போகலாம் என்று பொருள். அதற்கு மேல் போனால் கட்டணத்தில் எவ்வளவு கழிவு, பழுதை எத்தனை மணி நேரத்துக்குள் சரிசெய்வார்கள், அழைக்க வேண்டிய ஆள் யார் என்பவை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். விலைப்புள்ளியில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகளில் கொள்முதல் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998இன்படி நடக்க வேண்டியிருப்பதால், தேவைக்குறிப்பை எழுதும்போதே நூலகர் உடனிருப்பது அவசியம். பின்னால் சேர்க்க இடமிருக்காது.

நூலகத்தைப் பொறுத்தவரை வேகத்தைவிட முக்கியமான ஒரு கேள்வி உண்டு: நிலையான பொது ஐ.பி. முகவரி (இணையத்தில் கல்லூரியின் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) கிடைக்குமா? ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் ஒரு கல்லூரியை அடையாளம் காணும் வழிகளில் ஐ.பி. முகவரியும் ஒன்று. மலிவான பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் பகிர்கிறார்கள். முகவரி அடிக்கடி மாறவும் செய்யும். அப்படிப்பட்ட இணைப்பில், கல்லூரிக்கு உரிமையுள்ள ஆய்விதழ்கூடப் பணம் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். நிலையான முகவரிக்குச் சிறு கூடுதல் கட்டணம் கேட்பார்கள், தயங்காமல் கட்டுங்கள்.

பங்கிட்டுக் கொடுப்பது

ஒரே ரவுட்டரில் அலுவலகம், துறைகள், விடுதி, நூலகம் எல்லாம் கட்டுப்பாடின்றித் தொங்கினால், எவ்வளவு வாங்கினாலும் போதாது. மைக்ரோடிக் போன்ற ரவுட்டர்களிலும், பழைய கணினி ஒன்றில் நிறுவக்கூடிய பி.எஃப்.சென்ஸ், ஓ.பி.என்.சென்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களிலும், ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தபட்ச ஒதுக்கீடு வைக்கலாம். நூலகத்துக்கு இத்தனை மெகாபிட் எப்போதும் உறுதி, மற்றவர்கள் பயன்படுத்தாதபோது கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்ற விதி போதுமானது. அதற்குள், ஒவ்வொரு பயனருக்கும் சமபங்கு கிடைக்கும்படி வரிசை நிர்வாகத்தையும் இயக்கினால், பெரிய கோப்பு இறக்குபவரால் மற்றவர்களின் சிறு வேலைகள் தடைபடுவது நின்றுவிடும். கணினி அறிவியல் துறை ஆசிரியர் ஒருவரின் துணையோடு ஒரே பிற்பகலில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது, பலனோ பெரிது.

யார் அதிகம் எடுக்கிறார்கள் என்று பட்டியலைப் பார்த்தால், குற்றவாளி பெரும்பாலும் மாணவராக இருக்க மாட்டார். கணினி ஆய்வகத்தில் நாற்பது விண்டோஸ் கணினிகள் ஒரே காலையில் ஒரே புதுப்பிப்பைத் தனித்தனியாக இறக்கிக்கொண்டிருக்கும்; கண்காணிப்பு கேமராக்கள் காட்சிகளை வெளியே ஏற்றிக்கொண்டிருக்கும்; நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் வைஃபை கிடைத்ததும் படங்களைச் சேமிப்பகத்துக்கு அனுப்பும். புதுப்பிப்புகளை மாலைக்குத் தள்ளுங்கள். விண்டோஸ் கணினிகள் ஒன்றிடமிருந்து ஒன்று புதுப்பிப்பைப் பெறும் வசதியையும் இயக்கலாம். முன்பு ஸ்குவிட் போன்ற பிராக்சி ஒன்றை வைத்துப் பக்கங்களைச் சேமித்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால் அதனால் கிடைக்கும் மிச்சம் மிகக் குறைவு. அதற்கு உழைப்பைச் செலவிட வேண்டியதில்லை. தளப் பெயர்களுக்கு உரிய ஐ.பி. முகவரிகளை நினைவில் வைத்துச் சொல்லும் டி.என்.எஸ். சேமிப்பு ஒன்றை உள்ளூரில் வைத்தால் பக்கங்கள் சற்று விரைவாகத் திறக்கத் தொடங்கும்.

யூடியூபை முழுவதும் தடை செய்வது பல கல்லூரிகளில் நடக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. இணையவழிப் பாடத் திட்டங்களான என்.பி.டி.இ.எல்., ஸ்வயம் ஆகியவற்றின் காணொளிகள் அங்கேதான் இருக்கின்றன. தடை செய்தால் வகுப்பையே தடை செய்ததாகும். காணொளிக்கு வேக வரம்பு வைத்தால் தரம் தானாகக் குறைந்து, பாடமும் ஓடும், மற்றவர் வேலையும் நடக்கும்.

மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கொடுத்து உள்நுழையச் செய்யுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரலில் பிறப்பித்த ஆணையின்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, ஒரே கடவுச்சொல்லைச் சுவரில் எழுதி வைத்தால் அது பேருந்து நிறுத்தம் வரை போய்விடும். அதே வேளையில், எந்த மாணவர் எதைப் படித்தார் என்பதை நூலகர் வேடிக்கை பார்ப்பதற்கான வழியாக அந்தப் பதிவு ஆகிவிடக் கூடாது.

வந்த இணையத்தில் எதைப் படிப்பது

வேகமான இணைப்பில் கூகுள் தேடலை மட்டும் மாணவர்கள் பார்த்தால் நூலகத்தின் வேலை பாதியில் நிற்கிறது. மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் அளித்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், 30 பன்னாட்டுப் பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. அரசுக் கல்லூரி நூலகர் செய்ய வேண்டியது, தம் கல்லூரி பதிவாகியிருக்கிறதா, பொறுப்பு அலுவலராக யார் பெயர் இருக்கிறது, ஐ.பி. முகவரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. பணி மாறுதலில் போய்விட்டவரின் மின்னஞ்சலுக்கு அறிவிப்புகள் போய்க்கொண்டிருந்தால் கல்லூரிக்கு ஒன்றும் தெரியாது. உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கலை அறிவியல் கல்லூரிகளும் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் அளிக்கும் இன்ஃபிளிப்நெட்டின் என்-லிஸ்ட் திட்டத்தில் ஆண்டுக் கட்டணம் செலுத்தி உறுப்பினராகலாம். ஐ.ஐ.டி. கரக்பூர் நடத்தும் இந்தியத் தேசிய மின்னூலகத்துக்கும், பெரியார் பல்கலைக்கழக ஆய்வேடுகளையும் கொண்ட ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவுக்கும் கட்டணமே இல்லை.

வளாகத்துக்கு வெளியிலிருந்து உள்நுழையும் வசதியைக் கட்டாயம் ஏற்படுத்துங்கள். அஞ்செட்டியிலிருந்தோ தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்தோ கிருஷ்ணகிரிக்கு வந்து படிக்கும் மாணவருக்கும், சித்தேரியிலிருந்தும் வத்தல்மலையிலிருந்தும் வருபவருக்கும், கடைசிப் பேருந்துக்கு முன் நூலகத்தில் கிடைப்பது மிகச் சிறிது நேரம். இன்ஃபிளிப்நெட்டின் இன்ஃபெட் என்னும் அடையாளக் கூட்டமைப்பில் கல்லூரி சேர்ந்துவிட்டால், மாணவர் தம் கணக்கைக் கொண்டு எங்கு சிக்னல் கிடைக்கிறதோ அங்கிருந்து கட்டுரையை இறக்கிக்கொள்ளலாம். சிக்னலே இல்லாத ஊர்களுக்கு, கட்டுரைகளைக் கைப்பேசியில் சேமித்துக்கொண்டு போகக் கற்றுத்தருவதும், மாலையில் நூலகத்தைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்து வைப்பதும்தான் நடைமுறைத் தீர்வு.

ஓர் எச்சரிக்கை. ஆர்வமுள்ள ஒரு மாணவர் மென்பொருள் வைத்து ஓர் ஆய்விதழின் எல்லா வெளியீடுகளையும் மொத்தமாக இறக்கத் தொடங்கினால், பதிப்பகம் கல்லூரியின் முகவரி முழுவதையும் முடக்கிவிடும். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இணைப்பு இல்லாதபோதும் நூலகம் இயங்குவதற்கு

நூலக மேலாண்மைக்குக் கோஹா மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதை வளாகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் நிறுவினால் வெளி இணைப்பு அறுந்தாலும் நூற்பட்டியலும் வழங்கலும் நிற்காது. அதே உள் வலையமைப்பில், ஒரு டெராபைட் வட்டு உள்ள பழைய கணினி ஒன்றைச் சேவையகமாக்கி, இணையம் இல்லாமலே படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியே தமிழ், ஆங்கில விக்கிப்பீடியாக்களை வைக்கலாம். படங்களுடன் கூடிய ஆங்கிலப் பதிப்புக்கு 100 கிகாபைட்டுக்கு மேல் இடம் வேண்டும். தமிழ்ப் பதிப்பு மிகச் சிறியது. மதுரைத் திட்டம் 1998 முதல் மின்வடிவாக்கி இலவசமாக அளித்துவரும் தமிழ் இலக்கியங்களைத் தமிழ்த்துறை மாணவர்களுக்காக அங்கே வைக்கலாம். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள், முதுகலைத் திட்ட அறிக்கைகள் ஆகியவற்றுக்கு, மின்ஆவணங்களைச் சேமித்துத் தேட உதவும் டிஸ்பேஸ் மென்பொருள் பொருந்தும். உரிமம் அனுமதிப்பதை மட்டும் வையுங்கள். சந்தாவில் கிடைத்த ஆய்விதழ்களைப் படியெடுத்து இங்கே குவிக்கக் கூடாது. இறக்க வேண்டிய பெரிய கோப்புகளை இரவில் இறக்கினால் பகல் நேர இணைப்பு மிச்சமாகும்.

இத்தனையையும் தனி ஒருவராக நூலகர் செய்ய முடியாது. நூலகர், கணினித் துறை ஆசிரியர், அலுவலகக் கண்காணிப்பாளர், மாணவர் ஒருவர் கொண்ட சிறு குழுவை முதல்வரின் ஆணையோடு அமைக்கச் சொல்லுங்கள். நிதிக்காக நிர்வாகத்தை அணுகும்போது, கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் நூலக வசதிக்கும் இணைய வசதிக்கும் இடமுண்டு என்பதை நினைவூட்டினால் கோப்பு நகரும். அளவீட்டுப் பதிவேட்டையும் கூடவே கொண்டுபோங்கள். 'மெதுவாக இருக்கிறது' என்ற பேச்சைவிட, முற்பகல் பதினொரு மணிக்கு வாசலில் எவ்வளவு, வாசிப்புக் கூடத்தில் எவ்வளவு என்று எழுதிய ஒரு பக்கம் அதிகம் பேசும்.

ஒவ்வொரு கல்வியாண்டும் முதலாண்டு மாணவர் சேர்ந்த இரண்டு வாரங்களுக்குள், துறைவாரியாக அவர்களை நூலகத்துக்கு அழைத்து, அவரவர் கைப்பேசியிலேயே கணக்கைத் திறக்கவைத்து, அவரவர் பாடத்தில் ஒரு கட்டுரையைத் தேடி இறக்கச் செய்யுங்கள். முப்பது பேர் ஒரே நேரத்தில் இதைச் செய்யும் அந்த வகுப்பு, உங்கள் வைஃபை உண்மையில் எத்தனை பேரைத் தாங்குகிறது என்பதற்கான சோதனையாகவும் அமையும். அன்றைய அளவீட்டையும் பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள்.